வழிந்த தண்ணீர்

திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். கோடை வந்தால் அந்த ஊரில் வரப்புகளுக்கு வேலை கிடையாது.

மழைக்காலத்தில்தான் வரப்புக்கு மரியாதை. இது என் காடு, அது உன் காடு என்று பிரித்துச் சொல்லும். சோளத்தை அறுத்து, பருத்தியையும் எடுத்து முடித்துவிட்டால் எல்லாம் ஒரே காடுதான். யார் ஆடும் யார் காட்டிலும் மேயலாம். யார் மாடும் எந்த வழியாகவும் கண்மாய்க்குப் போய்த் தண்ணீர் குடிக்கலாம். பிள்ளைகள் ஊர் எல்லையிலிருந்து கண்மாய்க்கரை வரை மூச்சு வாங்க ஓடலாம். ஆடி மாதம் ஏர் பூட்டும் வரை, "என் காட்டுக்குள் ஏன் வந்தாய்?" என்று யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். எந்தக் காலத்தில் யார் சொன்ன வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் கேட்டு நடந்தார்கள்.

இது நடந்து நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். அப்போதுதான் அந்தப் பக்கத்துக் கிணறுகளுக்குக் கரண்டு வந்துகொண்டிருந்தது.

வெள்ளைத்துரை தன் கிணற்றைத் தோண்டி ஆழமாக்கினார். மோட்டார் போட்டார். மாசி மாதம், சுற்றிலும் காடெல்லாம் காய்ந்து கிடக்கும்போது, அவர் மட்டும் கத்தரி நட்டார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேறு பச்சையே கிடையாது. ஆடுகள் சும்மா இருக்குமா? ஒரே காலையில் வந்து, நாற்று அத்தனையையும் தின்றுவிட்டுப் போய்விட்டன.

வெள்ளைத்துரை மறுபடியும் நட்டார். இந்த முறை காட்டைச் சுற்றிலும் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு ஆள் உயரத்துக்கு வேலி கட்டினார்.

அந்த வேலிதான் வம்பாகிவிட்டது. மாடுகள் கண்மாய்க்குப் போகும் வழி அந்தக் காட்டின் நடுவில்தான் இருந்தது.

"காலங்காலமா மாடு போற தடம்டா இது. கோடையில வேலி போட்டவன எங்கயாச்சும் பாத்திருக்கியா?" என்று கேட்டார் மொக்கையன். அவர் வெள்ளைத்துரைக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை.

"கோடையில கத்தரி போட்டவன எங்கயாச்சும் பாத்திருக்கீங்களாண்ணே? என் காட்டுல நான் வேலி போடுறேன். இதுல என்ன தப்பு?" என்றார் வெள்ளைத்துரை.

பேச்சு முற்றியது. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேர் மொக்கையன் பக்கம். தோட்டத்துக்குக் காவல் வேண்டுமே என்று வெள்ளைத்துரை கிணற்றடியிலேயே ஒரு கூரைவீடு போட்டு, குடும்பத்தோடு அங்கே குடிவந்துவிட்டார்.

குடும்பம் என்றால் மூன்று பேர். அவர், அவர் மனைவி சீனியம்மாள், பத்து வயது மகள் ஜெயக்கொடி.

பெரியவர்கள் சண்டை பெரியவர்களோடு நிற்காது. பள்ளிக்கூடத்தில் ஜெயக்கொடிக்குப் பக்கத்தில் உட்காரும் மாயக்காள், ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விட்டாள். மாயக்காள் மொக்கையனின் மகள். பால்பல் விழுந்த நாளிலிருந்து இருவரும் ஒன்றாகத் திரிந்தவர்கள். மாயக்காள் போனதும் மற்ற பிள்ளைகளும் நகர்ந்துவிட்டார்கள். அந்த நீளமான பலகையில் ஜெயக்கொடி மட்டும் உட்கார்ந்திருந்தாள். இடம் நிறைய இருந்தது. அவளோ ஓரத்திலேயே ஒடுங்கி உட்கார்ந்தாள்.

பிறகு முழுப்பரீட்சை லீவு விட்டார்கள். பேசாத பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதும் அதோடு நின்றுபோனது.

அம்மா பாத்தியில் களை எடுப்பாள். அப்பா மண்வெட்டியோடு தண்ணீர் பாய்ச்சுவார். காய் பறித்த நாட்களில் பஸ் ஏறித் திருமங்கலம் சந்தைக்குப் போவார். ஜெயக்கொடிக்குத் துணையாக வேலி மட்டுமே இருந்தது.

அவள் தனக்குத்தானே கல்லாங்காய் ஆடினாள். வலது கை ஒரு கட்சி, இடது கை ஒரு கட்சி. இடது கை எப்போதும் தோற்றது. பாவமாக இருந்ததால் வலது கையைக் கொஞ்சம் தப்பாக ஆடவைத்துப் பார்த்தாள். அப்படியும் இடது கை ஜெயிக்கவில்லை.

கத்தரிச் செடிகளோடு பேசிப் பார்த்தாள். அவை நல்ல பிள்ளைகள். என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டன. ஆனால் ஒன்றாவது திருப்பி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

சாயங்காலம் ஆனால் தூரத்தில், ஊர்ப் பக்கமிருந்து பிள்ளைகள் கத்தி விளையாடும் சத்தம் கேட்கும். முள்ளின் இடுக்கு வழியாகப் பார்த்தால் புழுதிதான் தெரியும். யார் யார் என்று தெரியாது. அவள் புழுதி அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாள்.

"அங்க என்னடி பார்வை?" என்பாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. வேலியில ஓணான் போகுது."

ஒருநாள் மதியம். வெயில் தலையைப் பிளந்தது. வேலிக்கு வெளியே மணிச் சத்தம் கேட்டு ஜெயக்கொடி ஓடிப்போய்ப் பார்த்தாள்.

மாயக்காள் தன் வீட்டுச் செவலைப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் அவள் தம்பி சோலை, ஒரு குச்சியை இழுத்துக்கொண்டு வந்தான். செவலை சினையாக இருந்தது. வயிறு இரண்டு பக்கமும் தள்ளியிருந்தது. முன்பானால் நேராக வந்து கண்மாயில் குடித்துவிட்டுப் போயிருக்கும். இப்போது வேலியைச் சுற்றி, கல்லும் கரடுமான ஓடை வழியாகப் போக வேண்டும்.

கிணற்றுக்கு நேராக வந்ததும் செவலை நின்றுவிட்டது. தண்ணீர் வாடை அதன் மூக்குக்கு எட்டிவிட்டது. முள்ளில் மூக்கை வைத்து முட்டியது.

"மாயா!" என்று கூப்பிட்டாள் ஜெயக்கொடி.

மாயக்காள் நிமிரவே இல்லை. பசுவிடம்தான் பேசினாள். "நட. அந்தப் பக்கம் பாக்காத. அது நமக்கு ஆகாதவங்க தண்ணி."

செவலைக்கு ஆகாதவர், ஆனவர் எல்லாம் தெரியாது. அது முன்னங்காலை மடக்கி, அப்படியே வெயிலில் படுத்துவிட்டது. நாக்கு வெளியே தொங்கியது. மாயக்காள் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். தள்ளினாள். கடைசியில் கயிற்றை விட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

ஜெயக்கொடி அதற்கு மேல் நிற்கவில்லை. கிணற்றடித் தொட்டியில் வாளியை முக்கி எடுத்துக்கொண்டு ஓடினாள். வேலிக்குக் கதவாக ஒரே ஒரு படல், அதுவும் எதிர்மூலையில் இருந்தது. அவ்வளவு தூரம் ஓடி, படலைத் திறந்து, வெளிப்பக்கமாகச் சுற்றி வருவதற்குள் பாதி தண்ணீர் அவள் பாவாடையில் இருந்தது.

செவலை மீதித் தண்ணீரை ஒரே உறிஞ்சில் குடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது.

மறுபடி ஓடினாள். மறுபடியும் ஓடினாள். கால் சுட்டது. வாளியின் கைப்பிடி உள்ளங்கையில் பதிந்தது. மாயக்காள் அழுவதை நிறுத்திவிட்டு அவள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் செவலை எழுந்து நின்று உடம்பை உதறியது.

மாயக்காள் பசுவை ஓட்டிக்கொண்டு கிளம்பினாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "எங்கய்யாகிட்டச் சொல்லிராத" என்றாள்.

அவ்வளவுதான். ஆனால் ஜெயக்கொடி அன்று சாயங்காலம் அந்த வார்த்தையை வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எத்தனை நாள் கழித்து ஒருத்தி அவளிடம் பேசியிருக்கிறாள்!

மறுநாள் செவலை தானாகவே அதே இடத்துக்கு வந்து நின்றது. அதற்கு மறுநாள் இன்னும் சில மாடுகளைக் கூட்டிக்கொண்டு வந்தது. மாடுகள் ரகசியம் காக்கமாட்டா போலிருக்கிறது. ஜெயக்கொடி வாளியோடு ஓடி ஓடிப் பார்த்தாள். ஒரு மாட்டுக்கே போதவில்லை.

"இப்படி வாளியில கொண்டாந்தா அம்புட்டு மாடும் ஆடி மாசந்தான் குடிச்சு முடிக்கும்" என்றாள் மாயக்காள்.

ஜெயக்கொடி தொட்டி ஓரமாக உட்கார்ந்து யோசித்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் கொட்டியது. தொட்டி வாயிலிருந்து வாய்க்காலில் இறங்கி, கத்தரிப் பாத்திக்குப் போனது. அதைத் தொடக்கூடாது. அது அப்பாவின் உழைப்பு. செடிக்குப் போகும் தண்ணீரைத் திருப்பினால் அது திருட்டு.

உட்கார்ந்திருந்த இடம் சில்லென்று இருந்தது. எழுந்து பார்த்தாள். பாவாடை முழுக்கச் சேறு. அப்பா தொட்டி கட்டும்போதே பின்பக்க ஓரத்தில் ஒரு செங்கல் உடைந்துபோயிருந்தது. மோட்டார் ஓடும் நேரமெல்லாம் அந்த உடைப்பு வழியாகத் தண்ணீர் வழிந்து, வேலி ஓரத்தில் தேங்கி, கோரைப்புல்லும் கொசுவுமாகக் கிடந்தது. அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை, கொசுவைத் தவிர.

ஜெயக்கொடிக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாளாக அவள் முதுகுக்குப் பின்னால்தான் அந்தத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்திருக்கிறது.

அப்பா சந்தைக்குப் போன நாளில் சின்ன மண்வெட்டியை எடுத்தாள். சேற்றிலிருந்து வேலி வரைக்கும் கை அகலத்துக்குத் தண்ணீர் ஓட ஒரு ஓடுகால் வெட்டினாள். வேலியின் அடியில் குச்சியால் முள்ளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோண்டினாள். வெளியே, வீட்டுச் சுவருக்கு மண் எடுத்த பள்ளம் ஒன்று இருந்தது. அங்கே போய்ச் சேர வேண்டும்.

"இங்க, இங்க! இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்!" என்று வெளியே இருந்து வழிகாட்டினாள் மாயக்காள்.

"ஒனக்கு வலப்பக்கமா, எனக்கு வலப்பக்கமா?"

"மாட்டுக்கு வலப்பக்கம்!" என்றான் சோலை.

அன்று மாலை ஜெயக்கொடியின் கையைப் பார்த்து அம்மா கேட்டாள்: "கையெல்லாம் என்னடி இம்புட்டுக் கீறல்?"

"பூனை பிறாண்டிருச்சும்மா."

"நம்மகிட்டதான் பூனையே இல்லையே?"

"அதான்மா, எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். மஞ்சளைக் குழைத்துக் கீறலில் தடவினாள்.

அடுத்த நாள் மோட்டார் ஓடியதும் தண்ணீர் மெல்ல நெளிந்து நெளிந்து வேலியைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கரிசல் மண் வெயிலில் வாய் வாயாக வெடித்துக் கிடந்தது. வந்த தண்ணீர் அத்தனையும் வெடிப்புக்குள் போய்விட்டது.

"எங்கய்யா காப்பி குடிக்கிற மாதிரி ஒரே மடக்குல குடிச்சிருச்சே!" என்றாள் மாயக்காள்.

ஜெயக்கொடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"இரு" என்றாள் மாயக்காள். "கம்மாயில களிமண் இருக்குல்ல? பானைக்காரங்க எடுக்குற மண்ணு. அத அப்பி மிதிச்சா தண்ணி நிக்கும்."

அவளும் சோலையும் கூடையில் களிமண் சுமந்து வந்தார்கள். பள்ளத்தில் கொட்டி மிதித்தார்கள். ஜெயக்கொடி படல் வழியாகச் சுற்றி ஓடிவந்து தானும் இறங்கி மிதித்தாள். சோலைக்கு மிதிப்பதைவிட வழுக்கி விழுவது பிடித்திருந்தது. அவன் விழ, இவர்கள் சிரிக்க, சிரித்ததில் இவர்களும் விழ, மூவரும் களிமண் பொம்மைகள் ஆனார்கள்.

தண்ணீர் நின்றது. வானம் அதில் கலங்கலாகத் தெரிந்தது. செவலை வந்து தலையைக் குனிந்து வெகுநேரம் குடித்தது.

அதன்பிறகு தினமும் மதியத்தில் மாடுகள் வந்தன, ஆடுகள் வந்தன. அவற்றை ஓட்டிக்கொண்டு மாயக்காளும் சோலையும் வந்தார்கள். ஜெயக்கொடியின் அப்பா வீட்டுக்குள் கண்ணயரும் கொஞ்ச நேரம்தான். வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இவள். யாராவது பெரியவர்கள் வரும் சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடும். அவர்கள் போன பிறகு தோட்டம் முன்னைவிட அதிக அமைதியாக இருப்பதுபோல் ஜெயக்கொடிக்குத் தோன்றும்.

இப்படியே போயிருக்கும். சோலை வீட்டில் சும்மா இருந்திருந்தால்!

"அய்யா, சித்தப்பா கிணத்துத் தண்ணி இனிக்குமாம். நம்ம செவலை அதத்தான் தினமும் குடிக்குது" என்று அவன் சாப்பிடும்போது சொல்லிவிட்டான்.

மொக்கையன் பாதிச் சோற்றில் எழுந்தார். கம்பை எடுத்துக்கொண்டு வேலியை நோக்கி நடந்தார். சோலையும் பின்னால் ஓடினான். அதே நேரம், காய் சீக்கிரம் விற்றுப்போனதால் வெள்ளைத்துரையும் சந்தையிலிருந்து திரும்பிவிட்டார். தன் வேலியோரம் மாட்டுக்கூட்டம் நிற்பதைக் கண்டதும் அவருக்கும் கோபம் பொங்கியது.

வேலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர். நடுவில் முள்.

"எவன் தண்ணியக் கேட்டான் ஒங்கிட்ட?" என்று கத்தினார் மொக்கையன்.

"எவன் என் தண்ணியத் திருப்பினான்?" என்று கத்தினார் வெள்ளைத்துரை.

மாயக்காள் செவலையின் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஜெயக்கொடிக்கும் ஒளியத் தோன்றியது. ஆனால் அவள் பக்கத்தில் கத்தரிச் செடிதான் இருந்தது. அது முழங்கால் உயரம்.

"நான்தான்யா" என்றாள். அப்பாவைத் தொட்டியின் பக்கம் இழுத்தாள். "பாத்தித் தண்ணியத் தொடலய்யா. தொட்டியில வழியுதே, அது சும்மாதான கெடந்துச்சு? வந்து பாருங்க."

வெள்ளைத்துரை தொட்டியைப் பார்த்தார். உடைந்த செங்கலைப் பார்த்தார். பாத்தியில் கைவைத்துப் பார்த்தார். மண் ஈரமாகவே இருந்தது.

"அய்யா, ஒண்ணு கேக்கவா?" என்றாள் ஜெயக்கொடி. "முன்னாடியெல்லாம் தெனமும் காலையில வேலி அடைப்பீங்க. மாடு முட்டி முட்டி ஓட்டை விழுந்து கெடக்கும். இப்ப கடைசியா எப்ப அடைச்சீங்க?"

வெள்ளைத்துரை விரல்விட்டு எண்ணினார். யோசித்துப் பார்த்தால் சில நாட்களாக அவர் வேலிப்பக்கமே போகவில்லை. போக வேண்டியிருக்கவில்லை.

"அதுக பசிக்கு முட்டலய்யா. தண்ணிக்குத்தான் முட்டுச்சுக" என்றாள் ஜெயக்கொடி.

மொக்கையன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றார். ஆனால் வந்த கோபத்தை எங்கே வைப்பது? "எனக்கு எவன் தண்ணியும் வேணாம். செவலை, வா!" என்று கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

செவலை தலையைத் தூக்கவில்லை. குடித்துக்கொண்டே இருந்தது.

இன்னும் பலமாக இழுத்தார். செவலைக்கு ஈ கடித்ததுபோல இருந்திருக்கும். தலையை ஒரு வெட்டு வெட்டியது. அவ்வளவுதான். மொக்கையன் களிமண்ணில் வழுக்கி, தொப்பென்று குழிக்குள் உட்கார்ந்துவிட்டார். இடுப்பளவு தண்ணீர். துண்டு மிதந்தது.

 சத்தம் கேட்டு வந்து நின்ற சீனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அவளைப் பார்த்துச் சோலை சிரித்தான். வெள்ளைத்துரை வானத்தைப் பார்த்தார், பூமியைப் பார்த்தார், மீசை துடித்தது.

மொக்கையன் எழுந்திருக்கவில்லை. வெயிலுக்குத் தண்ணீர் சுகமாகத்தான் இருந்திருக்க வேண்டும். குழியின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

"வெள்ளை" என்றார்.

"என்னண்ணே?"

"கரை சரியில்லப்பா. மாட்டுக் குளம்பு பட்டா சரிஞ்சிரும். கல்லு பதிக்கணும்."

வெள்ளைத்துரை முள்ளின் இடுக்கு வழியாகக் கரையை எட்டிப் பார்த்தார். பிறகு, "பதிச்சிருவோம்ணே. ஓடையில நல்ல கல்லு கெடக்கு. வண்டி ஒங்ககிட்டதான இருக்கு?" என்றார்.

"காலையில பூட்டிக்கிட்டு வாரேன்" என்றார் மொக்கையன். "மொதல்ல கை குடு. எந்திரிக்க முடியல."

"வேலி இருக்கேண்ணே, எப்படிக் குடுக்க?"

"ஆமா, ஒன் வேலி!" என்றார் மொக்கையன். ஆனால் இந்த முறை அதில் கோபம் இல்லை.

வேலி அப்படியேதான் இருந்தது. கத்தரி இருக்கும்வரை வேலியும் இருக்கும். ஆனால் கல் பதித்த மறுநாள், கிணற்றுப் பக்கமாக முள்ளை வெட்டி வெள்ளைத்துரை புதிதாக ஒரு படல் கட்டினார். ஏன் என்று சீனியம்மாள் கேட்டதற்கு, "குழியக் கழுவிவிடணும்ல? அதுக்குத்தான்" என்றார். அதை யாரும் நம்பவில்லை.

அந்தப் படலைத் தள்ளிக்கொண்டு முதலில் மாயக்காள் வந்தாள். பிறகு சோலை, பிறகு மாடு ஓட்டி வந்த மற்ற பிள்ளைகளும் தயங்கித் தயங்கி வந்தார்கள். ஒருத்தி ஜெயக்கொடியின் கையைப் பிடித்து, கீறல் ஆறிவிட்டதா என்று பார்த்தாள். தொட்டி நிழலில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

அன்று மதியம் கரண்டு வரவில்லை. குழி வற்றிக் கிடந்தது. மாடுகள் வேலியோரம் அசைபோட்டபடி படுத்திருந்தன.

"எப்ப கரண்டு வருமோ? மோட்டார் ஓடுனாத்தான் தண்ணி. அதுவரைக்கும் நாங்க இங்கயே கெடக்க வேண்டியதுதான்" என்று சலித்துக்கொண்டாள் மாயக்காள்.

ஜெயக்கொடி செவலையைப் பார்த்தாள். அது தாகமாக இருப்பதுபோல் தெரியவில்லை. இருந்தாலும் எழுந்துபோய், தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை வாளியில் மொண்டு அதன் முன்னால் வைத்தாள். திரும்பி வந்து மாயக்காளை இடித்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

இன்னும் கொஞ்ச நேரம் கழித்தே கரண்டு வரட்டும் சாமி என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.